'கிளீன்' என்ற ஒரு வரியை நம்பி ஓட்டிய டிஸ்க்

வீட்டு சர்வரில் 4 டிபி டிஸ்க் ஒன்று, சிஸ்டம் லினக்ஸ் வகையான டெபியன், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4. ஏழு வருடமாக ஓடுகிறது. வீட்டுப் போட்டோ மொத்தமும் அதில்தான். மாதம் ஒரு முறை அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விலக்கி) எஃப்எஸ்சிகே என்ற ஃபைல் சிஸ்டம் சோதனைக் கட்டளையை ஓட்டுவேன். 'கிளீன்' என்று ஒரு வரி வரும், கூடவே ஃபைல், பிளாக் கணக்கு. ஒரு நொடிகூட ஆகாது. சோதித்தாயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

உண்மையில் அது எதையுமே சோதிக்கவில்லை. ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கில் ஒரு குறி இருக்கிறது. ஒழுங்காக அன்மவுண்ட் ஆகியிருந்து, லினக்ஸின் மையமான கெர்னலின் கண்ணில் பிழை எதுவும் படாமலும் இருந்தால் அது 'கிளீன்'. எஃப்எஸ்சிகே அந்தக் குறியைப் படித்துவிட்டு வெளியே வந்துவிடும். கரண்ட் போய் வந்தாலும் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவு) மட்டும் ஓட்டிவிட்டு அதே 'கிளீன்'தான்.

மூன்றாம் வருடம் ஒரு கல்யாண ஆல்பத்தில் பத்துப் பதினைந்து படங்கள் திறக்கவில்லை. எஃப்எஸ்சிகே அப்போதும் கிளீன் என்றது. அப்புறம்தான் குறி எப்படி இருந்தாலும் முழுதாகச் சோதிக்கச் சொல்லும் மைனஸ் எஃப் போட்டு ஓட்டினேன். ஐனோடு (ஒவ்வொரு ஃபைலின் விவரக் குறிப்பு), டைரக்டரி, இணைப்பு, லிங்க் எண்ணிக்கை, பிட்மேப் (எது காலி, எது நிரம்பியது என்ற வரைபடம்) என்று ஐந்து கட்டம். முதல் கட்டத்திலேயே ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் தன்னுடையது என்கின்றன என்று வரிவரியாக வந்தது. கை நடுங்கியது. சில படங்கள், மீட்ட ஃபைல்கள் போய்ச் சேரும் லாஸ்ட்+ஃபவுண்டில் வெறும் எண்களாகக் கிடைத்தன, சில போயே போய்விட்டன. காரணம் யுஎஸ்பி டாக்கின் கேபிள் என்றுதான் நினைக்கிறேன். மாற்றிய பிறகு பிரச்சினை வரவில்லை.

முன்பெல்லாம் இத்தனை மவுண்டுக்கு ஒரு முறை, இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று முழுச் சோதனை தானாக நடக்கும். எக்ஸ்ட்4 கருவிகளின் தொகுப்பான ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸின் 2011ல் வந்த 1.42 பதிப்பு முதல், புதிதாக உருவாக்கும் ஃபைல் சிஸ்டங்களில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அவசரமாக பூட் ஆக வேண்டிய சர்வர் அரைமணி நேரம் நிற்கக்கூடாது என்பது நியாயம்தான். பூட்டில் குறியை நம்புவதில் எனக்கு மறுப்பில்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் எஃப்எஸ்சிகே வழக்கமாக எதையும் செய்யாமல் வெற்றி என்று திரும்பும். அது வேலை செய்வதாகக் காட்டிக்கொள்வதும் இல்லை, நிஜ வேலைக்கு எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் தனியாக இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் கையால் கட்டளை கொடுத்து ஓட்டும்போது, 'கிளீன்' என்பதோடு 'முழுச் சோதனை கடைசியாக நடந்தது இந்தத் தேதியில், வேண்டுமானால் மைனஸ் எஃப்' என்று சொல்ல வேண்டும். அந்தத் தேதி சூப்பர்பிளாக்கிலேயே இருக்கிறது. ஃபைல் சிஸ்டத்தின் அமைப்புகளைக் காட்டி மாற்றும் டியூன்2எஃப்எஸ் கட்டளைக்கு மைனஸ் எல் போட்டால் 'லாஸ்ட் செக்டு' என்று காட்டும். மைனஸ் எஃப் ஓட்டும் வரை என்னுடையதில் டிஸ்க்கை ஃபார்மட் செய்த நாள்தான் இருந்தது.

இப்போது டியூன்2எஃப்எஸ் மைனஸ் ஐ கொடுத்து மூன்று மாத இடைவெளி வைத்திருக்கிறேன். பூட்டில் எந்த டிஸ்க்கை மவுண்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்ஸ்டாபில் இந்த டிஸ்க்கின் வரியில் கடைசி எண் 0 ஆக இருந்தது, பூட்டில் சோதனையே நடக்காது. அதை 2 ஆக்கினேன். முழுச் சோதனைக்கு என் டிஸ்க்கில் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஞாயிறு காலை காபி போடும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.