போர் தண்ணீரில் இட்லிப்பூவும் கார்டேனியாவும்: சில வருஷ அனுபவம்

சென்னையில் போர் தண்ணீரை நம்பி மாடித்தோட்டம் போட்டவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். வாங்கும்போது கரும்பச்சையாக இருந்த இட்லிப்பூச் செடியில் புதுத் துளிர்கள் வெளுத்து வரும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்துக் குறைதான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். உப்புத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற உப்பு, தொட்டி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாக்குகிறது. பிஎச் (அமில-கார அளவு) 7-ஐத் தாண்டினால் இரும்பு கரையாது, வேருக்கும் கிடைக்காது. உரத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிடத் தண்ணீரை மாற்றுவதுதான் பலன் தரும் என்று அடித்துச் சொல்வேன்.

முதல் இடம் மழைத் தண்ணீருக்கு. அதன் பிஎச் சுமார் 5.6, சுண்ணாம்பு கிட்டத்தட்டக் கிடையாது. பத்து சதுர மீட்டர் தளத்தில் 10 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர் வரை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டிரம் நிரம்பக் கேட்கவே வேண்டாம். நம்முடைய மொட்டை மாடிகளில் சுண்ணாம்பும் சிமெண்டும் இருப்பதால் முதல் மழையை ஓடவிட்டுவிட்டு அப்புறம் பிடிக்கிறேன். தகர ஷீட்டிலிருந்து பிடித்தால் இன்னும் நல்லது. டிரம்மின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டியே ஆக வேண்டும். டெங்கு கொசுவுக்கு இந்தத் தண்ணீர் ரொம்பப் பிடிக்கும்.

கோடையில் கைகொடுப்பது ஏசி தண்ணீர். கடலோரப் புழுக்கத்தில் ஓர் இரவுக்கே வாளி கணிசமாக நிறைகிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் உப்பே இருக்காது. சத்தும் இருக்காது, அதனால் உரத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் இந்தச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இயந்திரத்தின் தண்ணீரும் வேண்டாம். சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது, பைகார்பனேட் அப்படியே இருக்கும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், கறிவேப்பிலைக்கு ஊற்றும் புளித்த மோர் எல்லாம் பலரும் சொல்வதுதான். பிஎச் உடனே இறங்கும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களைத் தின்று தீர்த்துவிடும், பழைய காரம் திரும்பிவிடும். அவசரத்துக்குச் சரி, வருஷக்கணக்கில் நம்ப முடியாது. காய்ச்சிய காபித்தூள் சக்கையும் பிஎச்சை அவ்வளவாகக் குறைப்பதில்லை.

அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் பச்சை திரும்புகிறது. தெளித்த இலைக்கு மட்டும்தான் அந்தப் பலன், அடுத்த துளிர் மறுபடி மஞ்சளாகவே வரும். மண்ணில் போடுவதற்குச் செலேட் இரும்பு (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் உரம்) வாங்கினால் லேபிளைப் பாருங்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இடிடிஏ வகை பிஎச் 6.5-க்கு மேல் பிடிப்பை இழந்துவிடும். கார மண்ணில் தாக்குப்பிடிப்பது இடிடிஎச்ஏ. விலை அதிகம், இருந்தாலும் என் கார்டேனியாவை மீட்டது அதுவும் மழைத் தண்ணீரும் சேர்ந்துதான். கந்தகத் தூளும் பிஎச்சைக் குறைக்கும், ஆனால் பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் பிடிக்கும்.

சிமெண்ட் தொட்டியைத் தவிர்த்துவிடுங்கள், அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். சேமித்த தண்ணீர் குறையும்போது போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கிறேன், பைகார்பனேட்டும் பாதியாகிவிடும். அரளிக்கு அந்தச் சலுகை தேவையில்லை, போர் தண்ணீரிலேயே செழிப்பாக இருக்கிறது.