ஷோ டேபிள் ஸ்டேட்டஸ்: நேற்றைய கணக்கை இன்றைக்கு ஒப்பிக்கும் கட்டளை

"ஷோ டேபிள் ஸ்டேட்டஸில் வரும் ரோஸ் (வரிசைகள்) எண்ணிக்கையும், செலக்ட் கவுன்ட் போட்டால் வரும் எண்ணிக்கையும் ஏன் ஒத்துப்போவதே இல்லை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் டேபிள், சர்வர் நிலவரம் காட்டும் ஷோ கட்டளைகளோடு குடித்தனம் நடத்துகிற யாரும் என்றாவது கேட்கும் கேள்விதான். பதில் சின்னது, எரிச்சல்தான் பெரியது.

மைஎஸ்க்யூஎல்லில் டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி வரிசைகளை எண்ணி வைத்துக்கொள்வதில்லை. ஒரே நேரத்தில் ஓடும், மொத்தமாக முடியவேண்டிய இரண்டு கட்டளைத் தொகுப்புகளுக்கு, அதாவது டிரான்சாக்‌ஷன்களுக்கு ஒரே டேபிளில் வேறு வேறு எண்ணிக்கை தெரியலாம். எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் அங்கே கிடையாது. அதனால் இண்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணையில்) சில பக்கங்களை, மாற்றாமல் விட்டால் 20, எடுத்துப் பார்த்து மதிப்புப் போடுகிறது. 40 முதல் 50 சதவீதம் வரை பிசகலாம் என்று கையேடே சொல்லிவிடுகிறது. பழைய எஞ்சினான மையிசம் டேபிளில் துல்லியமாக வரும், ஆனால் அதற்காக மையிசத்துக்குத் திரும்ப முடியாது. இதுவரை நியாயம்.

மைஎஸ்க்யூஎல் 8.0-இல் வந்ததுதான் வயிற்றெரிச்சல். ஒரு தடவை கேட்ட எண்ணைச் சேமித்துவைத்துக்கொண்டு, அடுத்த 86,400 நொடிக்கு, அதாவது ஒரு முழு நாளுக்கு, அதையே திருப்பிச் சொல்கிறது. ரோஸ் மட்டுமில்லை, டேட்டா லெங்த், ஆட்டோ இன்கிரிமென்ட் (வரிசைக்குத் தானாகக் கிடைக்கும் அடுத்த எண்) எல்லாம் பழையதுதான். பத்து லட்சம் வரிசை ஏற்றிவிட்டுப் பார்த்தால் ஆட்டோ இன்கிரிமென்ட் காலையில் நின்ற இடத்திலேயே நிற்கும். பழைய எண் என்று ஒரு எச்சரிக்கைகூட வராது.

மருந்து ஒரு வரி: செட் செஷன் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பைரி = 0. அதன்பின் அந்த இணைப்பு நேராக இன்னோடிபியிடமே கேட்கும். ரோஸ் அப்போதும் மதிப்பீடுதான். டேபிளில் பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் பின்னணியில் மறுபடி கணக்கிடும். அவசரமென்றால், உடனே மறுபடி கணக்கிட அனலைஸ் டேபிள் போடலாம். லோக்கல் என்ற சொல்லைச் சேர்க்க மறந்தால் அது பைனரி லாகில் (மாற்றங்களைப் பதியும் கோப்பில்) ஏறி, நகல் சர்வர்களான ரெப்ளிகாக்களிலும் ஓடும். வட்டில் கோப்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதற்கு இந்த வம்பே வேண்டாம்: இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இன்னோடிபி_டேபிள்ஸ்பேசஸ், அதில் ஃபைல்_சைஸ்.

சர்வரில் உள்ள இணைப்புகளைப் பட்டியலிடும் ஷோ ப்ராசஸ்லிஸ்ட் வேறு வகைக் குறும்பு. குவெரியை நூறு எழுத்தோடு வெட்டிவிடும், ஃபுல் சேர்க்க வேண்டும். டேபிளை மாற்றியமைக்கும் ஆல்டர் டேபிள் ஒன்று 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' என்று, டேபிளின் அமைப்பைக் காக்கும் பூட்டுக்காகக் காத்து நின்றால், பின்னால் வரும் குவெரிகளும் வரிசைகட்டி நிற்கும். குற்றவாளியோ பட்டியலில் ஸ்லீப் என்று சாதுவாகப் படுத்திருப்பான். கமிட் செய்யாத, அதாவது இன்னும் முடித்துவைக்காத, டிரான்சாக்‌ஷன். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று ஷோ சொல்லாது. காத்திருப்புக்கு எல்லை வைக்கும் லாக்_வெயிட்_டைம்அவுட்டை மாற்றாமல் விட்டால் 3,15,36,000 நொடி, ஒரு வருஷம்! தடுப்பவரைக் கண்டுபிடிக்க, மைஎஸ்க்யூஎல்லோடு வரும் சிஸ் ஸ்கீமாவில் ஸ்கீமா_டேபிள்_லாக்_வெயிட்ஸைக் கேளுங்கள். தடுப்பவரின் எண்ணோடு, போடவேண்டிய கில் கட்டளையையும் எழுதியே தரும்.

ஷோ ஸ்டேட்டஸ் என்று மட்டும் அடித்தால் உங்கள் இணைப்பின் கணக்கு வரும், சர்வருடையது வேண்டுமென்றால் குளோபல் சேர்க்க வேண்டும். அந்த எண்களும் பெரும்பாலும் சர்வர் எழுந்ததிலிருந்து கூடிக்கொண்டே வந்தவை. மைஎஸ்க்யூஎல்அட்மின் என்ற நிர்வாகக் கருவியில் எக்ஸ்டெண்டட்-ஸ்டேட்டஸுக்கு -ஆர் -ஐ 10 கொடுத்தால் பத்து நொடி வித்தியாசம் வரும், பார்க்கவேண்டியது அதைத்தான்.

சந்தோஷமாகச் சொல்லக்கூடியது ஷோ கிரியேட் டேபிள். டேபிளின் அமைப்பைக் காட்டும் டெஸ்க்ரைப் ஒரு நெடுவரிசைக்கு எம்யூஎல் என்று போட்டுவிட்டு ஒதுங்கிவிடும். அது தனி இண்டெக்ஸா, மூன்று நெடுவரிசை சேர்ந்ததில் முதலாவதா என்று தெரியாது. ஷோ கிரியேட் டேபிளோ இண்டெக்ஸ், ஃபாரின் கீ, கொலேஷன், பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அப்படியே திரும்ப ஓட்டக்கூடிய கட்டளையாகக் கக்கிவிடும். கடைசியில் அரைப்புள்ளிக்குப் பதில் பின்சாய்கோடும் பெரிய ஜி-யும் போட்டால் படிக்கவும் சுகம்.

8.4-க்குப் போகிறவர்கள் பழைய ஸ்கிரிப்டுகளைத் தேடிப் பாருங்கள். ஷோ மாஸ்டர் ஸ்டேட்டஸ் அங்கே சின்டாக்ஸ் பிழை. இப்போது ஷோ பைனரி லாக் ஸ்டேட்டஸ்.

ஷோ டேபிள் ஸ்டேட்டஸுக்கு மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. அந்த ஒரு நாள் சேமிப்பு ஆயிரக்கணக்கான டேபிள் உள்ள சர்வரில் ஸ்கீமா விசாரணையை வேகப்படுத்தத்தான் வந்தது என்பது தெரியும், இருந்தும் இரண்டுதான். புது சர்வரில் நுழைந்ததும் கை முதலில் அடிப்பது என்னவோ ஷோ டேபிள் ஸ்டேட்டஸ்தான்.