எக்ஸாஸ்ட் முழக்கம்: டேம்பிங் ஷீட்டா, ரெசனேட்டரா?

சைலன்சர் மாற்றிய பிறகு, நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காருக்குள் 'ஊம்ம்' என்று காதை அடைக்கிறதா? உள்ளே டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வைத் தணிக்க ஒட்டும் விரிப்பு) ஒட்டுவதா, அடியில் ரெசனேட்டர் (எக்ஸாஸ்ட் குழாயில் சேர்க்கும் ஒலி அடக்கி) வைப்பதா என்று பலரும் குழம்புவது இங்கேதான்.

முதலில் ஒரு கணக்கு. நான்கு சிலிண்டர் இன்ஜின் 2400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) ஓடினால் எக்ஸாஸ்ட் துடிப்பு நொடிக்கு 80, அதாவது 80 ஹெர்ட்ஸ். இந்த ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். 10 மி.மீ. ஃபோம் எவ்வளவு ஒட்டினாலும் இதை உறிஞ்சாது.

பலன்:
பியூட்டைல் என்ற ரப்பரால் ஆன டேம்பிங் ஷீட் தகட்டின் அதிர்வைத் தணிக்கும், டயர் சத்தமும் குறையும். முழக்கம் ஓரளவே அடங்கும்.
ரெசனேட்டர் அந்த ஒரே அதிர்வெண்ணைக் குழாயிலேயே அடக்கும். ஒரு முனை மூடிய பக்கக் குழாய் வைப்பதென்றால் நீளம் சரியாக அமைய வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்கு, சூடான புகையில், சுமார் ஒன்றரை மீட்டர். அடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

வேலை:
ஷீட்டுக்கு சீட், கார்பெட் எல்லாம் கழற்ற வேண்டும். ஆனால் வீட்டிலேயே செய்யலாம்.
ரெசனேட்டருக்கு நல்ல வெல்டர் வேண்டும்.

ஆயுள்:
தார் கலந்த மலிவு ஷீட் வெயிலில் இளகி நாறும், பியூட்டைலே வாங்குங்கள்.
ரெசனேட்டர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

சரி, யாருக்கு எது? ஒரே ஆர்பிஎம்மில் முழங்கினால் ரெசனேட்டர். எல்லா வேகத்திலும் இரைச்சல், கதவைத் தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் என்றால் ஷீட். இரண்டுக்கும் முன்னால் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஹேங்கரைப் பாருங்கள். அது தளர்ந்து குழாய் பாடியில் இடித்துக்கொண்டிருந்தால், புது ரப்பர் மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.