பெட்டியா, கேள்வியா? காணாமல்போன கடல்பாலத்தில் ஜியோகேச்சிங்

இங்கிலாந்தின் பிரைட்டனில் 1823-இல் திறந்த செயின் பியர் என்ற, கடலுக்குள் நீண்ட சங்கிலித் தொங்குபாலம், 1896 டிசம்பர் 4 புயலில் கடலோடு போனது. அந்த இடத்தில் ஜியோகேச் (ஜி.பி.எஸ். துணையோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டின் இலக்கு) வைக்க இரண்டு வழி.

ஒன்று, கைப்பிடிக் கம்பிக்கு அடியில் காந்தத்தால் ஒட்டும் குட்டி டப்பா. தேடி எடுத்துப் பெயர் எழுதும் சுகமே தனி. ஆனால் உப்புக்காற்றில் காந்தம் துருப்பிடிக்கும், தாள் நமுத்துப்போகும்.

மற்றது டப்பாவே இல்லாத விர்ச்சுவல்; நேரில் பார்த்துப் பதில் சொன்னால் போதும். கடல் நன்றாக உள்வாங்கும் நாளில் பழைய தூண்களின் அடிக்கட்டைகள் தலைகாட்டும். செயின் பியரின் கட்டணக் குடில்களோ இன்று பக்கத்துப் பேலஸ் பியரில் நிற்கின்றன. கேட்க இவ்வளவு இருக்கும்போது டப்பா எதற்கு? என் ஓட்டு இதற்குத்தான். ஒரே இடைஞ்சல்: 2005-க்குப் பிறகு, சிறப்பு அனுமதி கிடைத்தவர்கள் தவிர யாரும் புதிய விர்ச்சுவல் பதிய முடியாது.