சி.டி.ஏ.வெப்: சூரியக்காற்றுத் தரவுக்கு நாசாவின் இலவசக் கிடங்கு

நாசாவின் காடர்ட் மையம் நடத்தும் இந்தத் தளத்தில் சூரியக்காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டம்) பற்றிய தரவை எடுக்கக் கணக்கு தொடங்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். விண்கலம், கருவி, கால இடைவெளி மூன்றையும் தேர்ந்தால் வரைபடமாகவோ உரைப் பட்டியலாகவோ சி.டி.எஃப் (அறிவியல் தரவுக்கான ஒரு கோப்பு வடிவம்) கோப்பாகவோ தரவு கிடைக்கும். சி.டி.எஃப் கோப்பாகவே எடுங்கள், அலகு, செல்லுபடி வரம்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

1997-இல் ஏவப்பட்ட ஏஸ் விண்கலத்தில் சூரியக்காற்றை அளக்கும் ஸ்வெபாம் கருவி 64 நொடிக்கு ஒருமுறை புரோட்டான் அடர்த்தியும் வேகமும் தருகிறது. மதிப்பு இல்லாத இடத்தில் −10³¹ நிரப்பியிருப்பார்கள். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் விடை குப்பைதான். சூரியனிலிருந்து பெரிய துகள் புயல் வரும்போது ஊடுருவும் துகள்கள் கருவியையே குழப்பும். 2003 அக்டோபர் இறுதித் தரவில் இந்தச் சிக்கல் உண்டு.

வரைபடப் பக்கத்தில் இரைச்சல் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சராசரியிலிருந்து 3 திட்டவிலக்கம் தாண்டியதை வெட்டிவிடும். துகள் ஆய்வில் அதைத் தொடவே கூடாது: நாம் தேடும் திடீர் எழுச்சியும் சேர்ந்து போய்விடும்!

நேரம்தான் அடுத்த கண்ணி. புதிய கோப்புகள் பலவற்றில் டி.டி.2000 என்ற நானோநொடி எண்ணிக்கை வரும். லீப் நொடிகளையும் (புவிச் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் நொடிகள்) நேர அளவுகோல் வேறுபாட்டையும் கவனிக்காமல் கையால் மாற்றினால், 2017-க்குப் பிந்தைய தரவு 69.184 நொடி தள்ளிப்போகும். பைத்தானின் சி.டி.எஃப் நூலகத்திடமே மாற்றும் வேலையை விடலாம்.

மறுபதப்படுத்தினால் கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள பதிப்பு எண் ஏறும். உங்கள் சேமிப்பில் அந்த எண்ணையும் பதிவிறக்கிய தேதியையும் குறித்துவையுங்கள்.

முகப்புத் தோற்றம் பழசு. தரவுத்தொகுப்புப் பெயர்கள் புதியவரை மிரட்டும்.