பழஞ்சொல் தேடுகிறவர்களுக்கு: இணையத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்

குறளையோ சங்கப் பாட்டையோ உரையின் துணை இல்லாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டிய அகராதி இது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது, லட்சத்துக்கும் மேல் சொற்கள். 1926 முதல் இதன் பதிப்பாசிரியராக இருந்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

சொல்லைப் போட்டால் ஆங்கிலப் பொருள் வரும், பிறகு தமிழ்ப் பொருள், அப்புறம் பல இடங்களில் பழைய நூலிலிருந்து ஒரு சான்று, பாட்டு எண்ணோடு. பலரும் தமிழ்ப் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள், அதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன், ஏனென்றால் பழஞ்சொல்லுக்கு நேரே இன்றைய சொல் ஒன்று நிற்பதைப் பார்த்தவுடன் இரண்டும் ஒன்றே என்று தோன்றிவிடும்.

‘ஈ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கொடு என்று பொருள், சரி. ஆனால் தொல்காப்பியம் சொல்லதிகாரம் அதோடு விடவில்லை. கேட்டு வாங்குகிறவர் தாழ்ந்தவர் என்றால் ‘ஈ’, சமமானவர் என்றால் ‘தா’, உயர்ந்தவர் என்றால் ‘கொடு’ என்று பிரிக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு புறநானூறு 204ஐப் படித்துப் பாருங்கள், கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடியது. ‘ஈ’ என்று இரப்பது இழிவு, ‘ஈயேன்’ என்பது அதைவிட இழிவு, ‘கொள்’ என்று கொடுப்பது உயர்வு, ‘கொள்ளேன்’ என்பது அதைவிட உயர்வு. இரப்பவன் வாயில் ஈ வருகிறது, கேட்காமலே முன்வந்து தருகிறவனுக்குக் கொடுத்தல் வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் படித்தால் பாட்டில் பாதி போய்விடும். 221ஆம் குறளும் அப்படித்தான்: இல்லாதவர்க்குத் தருவதே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று பார்த்துச் செய்வது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது கொடுப்பதுதான், ஈவது ஆகாது.

தா, கொடு இரண்டுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. எனக்கும் உனக்கும் என்றால் தா, மூன்றாமவருக்கு என்றால் கொடு. நாம் இதைப் பெரும்பாலும் கலந்துவிட்டோம், மலையாளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அகராதியின் குறை எங்கே என்றால் காலத்தில். நாற்றம் என்றால் முன்பு நறுமணம் என்று நாமே சுருக்கிச் சொல்லிப் பழகிவிட்டோம். 1274ஆம் குறளில் மொட்டுக்குள் இருக்கிற நாற்றம் நறுமணம்தான். ஆனால் 27ஆம் குறள் சுவை, ஒளி, ஊறு (தொடு உணர்வு), ஓசையோடு நாற்றத்தையும் சேர்த்து ஐந்தாக எண்ணுகிறது. அங்கே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, மூக்கு அறிவது எதுவானாலும் நாற்றம். இந்தப் பொது வாசனை எப்போது துர்நாற்றமாகக் குறுகியது? லெக்சிகன் பொருள்களை எண்ணிட்டு அடுக்கும், ஆனால் எது எந்த நூற்றாண்டில் வந்தது, எது எப்போது வழக்கொழிந்தது என்று வரிசைப்படுத்திக் காட்டாது. சான்று நூலின் காலத்தை வைத்து நாமேதான் கணிக்க வேண்டும்.

அதனால் பக்கத்தில் க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியும் இருந்தால் நல்லது. 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள் வந்திருக்கின்றன. உயர் வழக்கு, அருகிவரும் வழக்கு, இலங்கை வழக்கு என்று குறித்திருப்பதால், ஒரு சொல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

தேடுவதில் ஒரு சிரமம் உண்டு. ‘ஈந்தான்’, ‘ஈவது’ என்று பாட்டில் இருக்கிறபடி போட்டால் தலைச்சொல் கிடைக்காது, வினையடியைத் தெரிந்துகொண்டு ‘ஈ-தல்’ என்ற பதிவுக்குப் போக வேண்டும். அங்கும் ‘ஈ’ என்ற எழுத்து, பறக்கிற ஈ என்று வேறு பதிவுகளும் சேர்ந்து வரும், எண்ணைப் பார்த்துச் சரியானதைத் திறக்க வேண்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்று காலவரிசை இல்லாததற்காக.