ஐமேப் ஐடில் இணைப்பு: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டது

மண்ணடியில் உள்ள கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றுக்காக, ஷிப்பிங் லைன்களிடமிருந்து வரும் டெலிவரி ஆர்டர் மின்னஞ்சல்களை வந்த உடனே எடுத்து, துறைமுக வாசலில் காத்திருக்கும் ஊழியரின் கைபேசிக்கு அனுப்பும் பைத்தான் நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். மடல் தாமதமானால் கண்டெய்னர் அன்று வெளியே வராது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். அதனால் பெட்டியை அவ்வப்போது திறந்து பார்ப்பதை விட்டு, சர்வரில் உள்ள மடல்களைப் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறையில், இணைப்பைத் திறந்தே வைத்து அறிவிப்புக்காகக் காத்திருக்கும் ஐடில் வசதியை, ஐமேப்கிளையண்ட் என்ற பைத்தான் நூலகத்தின் வழியே தேர்ந்தெடுத்தேன்.

மடல் வந்த நொடியில் சர்வரே சொல்லிவிடுவது இதன் பெரும் பலம். ஆனால், அலுவலக ரவுட்டர் வெகுநேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடும்போது, இரு முனைகளுக்கும் அது தெரிவதில்லை. புதிய மடல் இல்லாதபோதும், இணைப்பே செத்துக் கிடக்கும்போதும், ஏதாவது அறிவிப்பு வந்ததா என்று பார்க்கும் ஐடில் செக் தருவது அதே காலிப் பட்டியல்தான். இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் கீப்அலைவ் இயல்பாக 7200 நொடிக்குப் பிறகே விசாரிக்கும். அதுவும் சாக்கெட்டில் (இணைப்பின் நம் பக்க முனையில்) அதை இயக்கியிருந்தால் மட்டுமே. ஐடில் நடக்கும்போது நூப் என்ற, வேறெதுவும் செய்யாமல் சர்வரின் பதிலை மட்டும் பெறும் கட்டளையை அனுப்ப முடியாது. முதலில் டன் என்று சொல்லி ஐடிலை முடித்து வெளியே வர வேண்டும்.

ஐடிலை வரையறுத்து 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2177 என்ற இணையத் தர ஆவணம், 29 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது ஐடிலைப் புதுப்பிக்கச் சொல்கிறது. அது சர்வரின் பொறுமைக்கான கணக்கு. இடையில் நிற்கும் ரவுட்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டன் சொல்லி, மீண்டும் ஐடிலுக்குள் நுழைந்து புதுப்பிக்கிறேன். அந்த டன்னுக்குப் பதில் வராவிட்டால் நிரல் அங்கேயே தொங்கிவிடாமலிருக்க, சர்வரின் பதிலைப் படிப்பதற்கான டைம்அவுட்டையும் (காத்திருப்புக் கால வரம்பையும்) கட்டாயம் வைக்க வேண்டும். பல மாதிரி நிரல்களில் இதைக் காணவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எவ்வளவு பாதுகாத்தாலும் இணைப்பு அறுபடத்தான் செய்யும். ஆகவே கடைசியாகப் படித்த மடலின் யுஐடி எண்ணை (பெட்டியில் ஒவ்வொரு மடலுக்கும் சர்வர் தரும் ஏறுவரிசை எண்ணை)க் கோப்பில் எழுதி வைத்து, மீண்டும் இணைந்ததும் அதற்கு மேற்பட்டவற்றை முதலில் எடுத்த பிறகே ஐடிலுக்குள் நுழைகிறேன். அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யுஐடிவேலிடிட்டி மாறியிருந்தால் பழைய எண்ணுக்குப் பொருளில்லை. அப்போது தேதியைக் கொண்டு தேடுவேன். பழைய சாக்கெட்டை மூடாமல் புதியதைத் திறந்துகொண்டே போவதும் ஆபத்து: ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளையே அனுமதிக்கிறது.

அனுப்பும் பக்கத்தில் இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. மடல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி இணைப்பைத் திறந்து, மடலை அனுப்பி, க்விட் என்ற முடிப்புக் கட்டளையைச் சொல்லி மூடிவிடுகிறேன்.